சௌமியமூர்த்தி தொண்டமானும் ஊவாவின் பெருந்தோட்ட மக்களும்

மலையக மக்களின் அரசியல் வரலாற்றை எழுத முற்படும் எவரும் சௌமியமூர்த்தி தொண்டமானின் பெயரைத் தவிர்த்து ஒரு பக்கத்தையேனும் நிரப்பிவிட முடியாது. அவரை மீட்பராகக் கொண்டாடுவோரும், தொழிலாளரின் வாக்கைக் கொழும்பில் விலைபேசியவர் எனச் சாடுவோரும் இன்றும் நம்மிடையே உள்ளனர். எனினும் இவ்விரு சாராரும் அவரை நுவரெலியாவிலும் ஹற்றனிலும் நின்றே பார்த்துப் பழகிவிட்டனர். பசறையிலும் மடுல்சீமையிலும் லுணுகலையிலும் நமுனுகலையின் சரிவுகளிலும் வாழும் மக்களின் நிலையிலிருந்து அவரது அரசியலை மதிப்பிடும் முயற்சிகள் மிகக் குறைவு.

இந்த வேறுபாடு அற்பமானதன்று. நுவரெலியா மாவட்டத்தில் மலையகத் தமிழர் சனத்தொகையில் அரைவாசிக்கு மேற்பட்டவர்கள். பதுளை மாவட்டத்திலோ அவர்கள் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கினர் மாத்திரமே. அவர்களோடு பதுளை, பசறை நகர வர்த்தகத்திலும் வெலிமடை, குருத்தலாவைப் பகுதி விவசாயத்திலும் ஈடுபட்டுள்ள முஸ்லிம்களையும் சேர்த்தாலும், நான்கில் ஒரு பங்கை ஒட்டிய சிறுபான்மையாகவே அமைகின்றனர். எண்ணிக்கைப் பலத்தை வைத்துப் பேரம் பேசும் ஓர் அரசியல், எண்ணிக்கை குறைந்த இடத்தில் எவ்வாறு தொழிற்படுகிறது என்பதை அறிய ஊவாவை விடப் பொருத்தமான களம் வேறில்லை.

பழைமைவாதி என்பதன் பொருள்

தொண்டமானை ஒரு பழைமைவாத அரசியல்வாதி என்று குறிப்பிடும்போது அது வசைச் சொல்லாகக் கொள்ளப்படலாகாது. நிலவும் அமைப்பைத் தகர்த்துப் புதியதொன்றைக் கட்டுவதை விட, அந்த அமைப்புக்குள் நின்றே படிப்படியாகப் பெறக்கூடியதைப் பெறுவது மேல் என்ற நம்பிக்கையே பழைமைவாதத்தின் சாரம். சொத்துரிமை, சமயம், குடும்பம், மரபு ஆகியவற்றை அது மதிக்கிறது. புரட்சியை அது அஞ்சுகிறது. இத்தகையோரிடமிருந்து உழைக்கும் மக்களுக்கு எதுவும் கிடைக்காது என்று முடிவு கட்டிவிடவும் முடியாது. பிரித்தானியாவில் 1867இல் நகர்ப்புறத் தொழிலாளர் பலருக்கு வாக்குரிமையை விரிவாக்கிய சட்டத்தை நிறைவேற்றியதும் டிஸ்ரேலி முக்கிய பங்கு வகித்த பழைமைவாதக் கட்சி அரசாங்கமே.

தொண்டமானிடம் இப்பண்புகள் யாவும் இருந்தன. அவர் தோட்ட உரிமையாளர். அதேவேளை தோட்டத் தொழிலாளரின் மிகப் பெரிய சங்கத்தின் தலைவர். இந்து சமய ஈடுபாடு மிக்கவர். இடதுசாரிகளுடன் தேவை கருதி ஒத்துழைத்தாரேயன்றி அவர்களது கொள்கையை ஒருபோதும் ஏற்றதில்லை. நாட்டுப் பிரிவினையையும் அவர் ஏற்கவில்லை. எந்த அரசாங்கமாயினும் அதனுடன் பேசக்கூடிய வாசல் திறந்திருக்க வேண்டும் என்பதே அவர் ஆறு தசாப்தங்களாகக் கைக்கொண்ட நெறி.

கம்பளைக்கு வந்த சிறுவன்

1913 ஆகஸ்ட் 30ஆம் திகதி தமிழ்நாட்டின் முனப்புதூரில் தொண்டமான் பிறந்தார். அவரது தந்தை கருப்பையா, வறுமையின் காரணமாக இலங்கைக்கு வந்து, தொழிலாளியாகத் தொடங்கிக் கங்காணியாக உயர்ந்து, ஈற்றில் றம்பொடையில் வேவண்டன் தோட்டத்தையே சொந்தமாக வாங்கியவர். மகன் 1924இல் இலங்கை வந்து கம்பளை புனித அந்திரேயர் கல்லூரியில் கல்வி கற்றார். உழைப்பாலும் சிக்கனத்தாலும் ஒரு தொழிலாளி தோட்டத்துக்கே உரிமையாளராக முடியும் என்பதைத் தன் வீட்டிலேயே கண்டு வளர்ந்த ஒருவர், சொத்துடைமையையே ஒழிக்க வேண்டும் என்ற கொள்கையின்பால் ஈர்க்கப்படாமை வியப்புக்குரியதன்று.

1939 ஜூலையில் ஜவஹர்லால் நேருவின் வருகையை அடுத்து இலங்கை இந்தியக் காங்கிரஸ் தோற்றுவிக்கப்பட்டது. அதன் கம்பளைக் கிளையின் மூலம் பொதுவாழ்வில் நுழைந்த தொண்டமான் 1945இல் காங்கிரஸின் தலைவரானார். அவருக்கு முன்னர் அப்பொறுப்பை வகித்தவர் குஜராத்தைப் பூர்வீகமாகக் கொண்ட அப்துல் அஸீஸ். ஒரு முஸ்லிம், தோட்டத் தொழிலாளரின் தலைவராக விளங்கினார் என்பதை இன்றைய இளந்தலைமுறை அறிந்திருப்பது அவசியம். பின்னர் 1956இல் இருவரும் பிரிந்தனர். அஸீஸ் ஜனநாயகத் தொழிலாளர் காங்கிரஸை அமைத்துக் கொண்டார்.

தொண்டமான் தலைமைக்கு வரும் முன்னரே தோட்டங்களில் தொழிற்சங்கம் வேரூன்றியிருந்தது. 1931இல் கோ. நடேசையர் தோட்டத் தொழிலாளருக்கெனச் சம்மேளனம் ஒன்றை நிறுவினார். ஊவாவில் இடதுசாரிகளின் செல்வாக்கு ஒரு கட்டத்தில் ஓங்கி நின்றது. 1940இல் பதுளைக்கு அருகிலுள்ள வேவஸ்ஸ தோட்டத்தில் லங்கா சமசமாஜக் கட்சியின் வழிகாட்டலில் நடைபெற்ற வேலைநிறுத்தத்தின்போது தொழிலாளர் தமக்கென ஒரு சபையையே தெரிவு செய்தனர். அந்தச் சபையுடன் கலந்தாலோசித்து நடப்பதற்குத் தோட்டத் துரை இணங்க வேண்டியேற்பட்டது. எனினும் அதே ஆண்டில் சமசமாஜத் தலைவர்கள் கைது செய்யப்பட்டனர், இயக்கம் ஒடுக்கப்பட்டது. இடதுசாரிகள் சிறையிலும் தலைமறைவிலும் இருந்த அந்த ஆண்டுகளில் தோட்டங்களில் ஏற்பட்ட வெற்றிடத்தை நிரப்பியது காங்கிரஸே. அதிகாரத்துடன் நேருக்கு நேர் மோதும் பாதையை ஊவாத் தொழிலாளர் அறியாதவர்களல்லர். அப்பாதை எவ்வளவு விரைவாக அடைக்கப்பட்டது என்பதையும் அவர்கள் கண்ணாரக் கண்டவர்கள்.

ஏழு ஆசனங்களும் பறிக்கப்பட்ட வாக்கும்

1947ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு ஆசனங்களை வென்றது. நுவரெலியாவில் தொண்டமான் வெற்றி பெற்றார். பதுளையில் எஸ். எம். சுப்பையா வெற்றி பெற்றார். அதாவது, சுதந்திர இலங்கையின் முதலாவது பாராளுமன்றத்திலேயே ஊவாத் தோட்ட மக்களுக்கு ஒரு பிரதிநிதி இருந்தார். இது தவிர, வேறு பல தொகுதிகளில் இடதுசாரி வேட்பாளர்களின் வெற்றிக்கும் தோட்ட வாக்குகள் துணைநின்றன.

இதுவே வினையாயிற்று. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம், இந்திய வம்சாவளித் தொழிலாளருள் மிகப் பெரும்பான்மையோரைப் பிரஜைகள் அல்லாதோராக்கியது. 1949இல் இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் (பிரஜாவுரிமை) சட்டம் கொண்டுவரப்பட்டது. மணமானவர்கள் ஏழு ஆண்டுகளும் மணமாகாதவர்கள் பத்து ஆண்டுகளும் தொடர்ச்சியாக வசித்தமையை நிரூபிக்க வேண்டும் என அது நிபந்தனை விதித்தது. பிறப்புச் சான்றிதழே இல்லாத லயன் அறைகளில் ஆவணங்களுக்கு எங்கே போவது? அதே ஆண்டில் தேர்தல் சட்டமும் திருத்தப்பட்டு, பிரஜைகள் அல்லாதோரின் பெயர்கள் வாக்காளர் இடாப்பிலிருந்து நீக்கப்பட்டன. சட்டத்தின் பெயரிலேயே பாகிஸ்தானியர் இடம்பெற்றிருந்ததைக் கவனிக்க வேண்டும். இந்தியக் கரையோரத்திலிருந்து வந்து மலையக நகரங்களில் வணிகம் செய்த முஸ்லிம்களும் இந்தச் சட்டங்களின் பிடிக்குள் அகப்பட்டனர்.

முதலில் இந்தச் சட்டத்தைப் புறக்கணித்த காங்கிரஸ், பின்னர் விண்ணப்பிக்குமாறு மக்களைக் கேட்டுக்கொண்டது. எட்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோரை உள்ளடக்கிய ஏறத்தாழ 2 இலட்சத்து 37 ஆயிரம் விண்ணப்பங்கள் சமர்ப்பிக்கப்பட்டன. 1960களின் முற்பகுதி வரை பிரஜாவுரிமை கிடைத்தோர் தொகை ஏறத்தாழ 1 இலட்சத்து 34 ஆயிரம் மாத்திரமே. 1952இல் கொழும்பில் நடத்தப்பட்ட சத்தியாக்கிரகமும் அரசாங்கத்தை அசைக்கவில்லை. அவ்வாண்டுத் தேர்தலில் காங்கிரஸ் சார்பில் ஒருவரேனும் பாராளுமன்றம் செல்ல முடியவில்லை.

இதன் விளைவு பதுளை மாவட்டத்தில் இரட்டிப்பாக உணரப்பட்டது. தொகுதிகளை வகுக்கும்போது வாக்கற்ற தொழிலாளரும் சனத்தொகையில் சேர்த்தே எண்ணப்பட்டனர். ஆகவே தோட்டப் பகுதிகளுக்கு ஆசனங்கள் குறையவில்லை. அந்த ஆசனங்களைத் தெரிவு செய்யும் உரிமை மட்டும் தொழிலாளரிடம் இல்லை. தேயிலை பறிப்போரின் தலைகள் கணக்கில் இருந்தன, அவர்களது குரல் சபையில் இல்லை. வாக்கில்லாத ஒரு கிராமத்துக்குப் பாதை போடவோ பாடசாலை கட்டவோ எந்த அரசியல்வாதிக்கும் அவசியம் ஏற்படாது. மலையகத்தின் பல குறைபாடுகளுக்கு மூலகாரணம் இங்கேதான் உள்ளது.

வாக்கில்லாதோரின் தலைவர்

வாக்கில்லாத மக்களின் தலைவர் எதைக் கொண்டு அரசியல் செய்வது? தொண்டமானிடம் இருந்த ஆயுதங்கள் இரண்டே. ஒன்று, நாட்டின் அந்நியச் செலாவணியில் பெரும்பங்கை ஈட்டிய தேயிலையைப் பறிக்கும் கைகள். மற்றது, மாதாந்தச் சந்தாவால் பலம் பெற்ற சங்கம். இவற்றைக் கொண்டு அவர் ஆளும் கட்சிகளுடன் மாறி மாறிப் பேசினார். 1960இல் ஸ்ரீலங்கா சுதந்திரக் கட்சி ஆட்சியில் நியமன உறுப்பினராகப் பாராளுமன்றம் சென்றார். 1965இல் ஐக்கிய தேசியக் கட்சி ஆட்சியிலும் அவ்வாறே சென்றார். ‘கட்சி மாறி’ என்ற பழிச்சொல் அன்றே அவரை ஒட்டிக்கொண்டது.

எனினும் பேச்சுவார்த்தை மேசையில் இடம் கிடைக்காத வேளையில் என்ன நடக்கும் என்பதற்கு 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி கைச்சாத்திடப்பட்ட சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தமே சான்று. ஒன்பது இலட்சத்து 75 ஆயிரம் மக்களின் எதிர்காலத்தை இரு நாட்டுப் பிரதமர்களும் தீர்மானித்தனர். ஐந்து இலட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு. மூன்று இலட்சம் பேர் இலங்கைக்கு. எஞ்சிய ஒன்றரை இலட்சம் பேர் பற்றிப் பின்னர் முடிவு செய்யப்படும். 1974இல் அந்த ஒன்றரை இலட்சமும் சரிபாதியாகப் பங்கிடப்பட்டது. சம்பந்தப்பட்ட மக்களின் சம்மதம் கேட்கப்படவில்லை என்று தொண்டமான் இதனைக் கடுமையாக எதிர்த்தார். எதிர்ப்பு பதிவாயிற்று, பயணம் நிற்கவில்லை. பதுளைப் புகையிரத நிலையத்தில் ஏறி, தலைமன்னார் சென்று, கப்பலில் இராமேஸ்வரம் போய்ச் சேர்ந்த குடும்பங்கள் எத்தனையோ. அண்ணன் இந்தியப் பிரஜை, தம்பி இலங்கைப் பிரஜை எனப் பிரிந்துபோன உறவுகளின் கதை பசறைத் தோட்டங்களில் இன்றும் சொல்லப்படுகிறது.

1970களில் நிலைமை மேலும் மோசமாயிற்று. காணிச் சீர்திருத்தச் சட்டங்களின் கீழ்த் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1973 - 74 காலப்பகுதியில் தோட்டங்களைப் பட்டினி வாட்டியது. 1972இல் தமிழர் கூட்டணி உருவானபோது செல்வநாயகம், ஜி. ஜி. பொன்னம்பலம் ஆகியோருடன் தொண்டமானும் அதன் தலைமையில் இணைந்து கொண்டார். ஆனால் 1976இல் வட்டுக்கோட்டையில் தனிநாட்டுத் தீர்மானம் நிறைவேற்றப்பட்டபோது இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் அதிலிருந்து விலகி நின்றது. சிங்களக் கிராமங்களால் சூழப்பட்ட தோட்டங்களில் வாழும் மக்களுக்குத் தனிநாடு எந்த வகையிலும் பாதுகாப்பாகாது என்பதே அவரது நிலைப்பாடு. இந்த முடிவை நுவரெலியாவிலிருந்து பார்ப்பதை விட, பசறையிலிருந்து பார்க்கும்போதே அதன் நியாயம் தெளிவாகப் புரியும்.

அமைச்சரவையும் பிரஜாவுரிமையும்

1977 ஜூலைத் தேர்தலில் மூன்று அங்கத்தவர்களைக் கொண்ட நுவரெலியா - மஸ்கெலியாத் தொகுதியில் காமினி திசாநாயக்க, அநுர பண்டாரநாயக்க ஆகியோருடன் மூன்றாவது உறுப்பினராகத் தொண்டமான் தெரிவானார். அடுத்த ஆண்டு செப்டெம்பரில் ஜே. ஆர். ஜயவர்தனவின் அமைச்சரவையில் கிராமியக் கைத்தொழில் அபிவிருத்தி அமைச்சராகப் பதவியேற்றார். வடக்கில் இது துரோகமாகப் பார்க்கப்பட்டது. தம் மக்களின் பிரஜாவுரிமையைப் பறித்த கட்சியுடனேயே கைகோர்ப்பதா என்ற வினா மலையகத்திலும் எழுந்தது.

1981இலும் 1983இலும் தோட்ட மக்கள் தாக்கப்பட்டனர். 1983 ஜூலையில் பதுளை நகரும் தீக்கிரையானது. தமிழர் கடைகளும் வீடுகளும் அழிக்கப்பட்டன. அமைச்சரவையில் ஒரு தமிழ் அமைச்சர் இருந்தும் இதைத் தடுக்க முடியவில்லை. தொண்டமான் பதவி விலகியிருக்க வேண்டும் என்ற விமர்சனம் இன்றும் உண்டு. அவர் விலகவில்லை. அந்த முடிவின் பெறுபேறு மூன்று ஆண்டுகளின் பின் தெரிய வந்தது.

1984 ஏப்ரலில் தோட்டத் தொழிலாளர் மேற்கொண்ட வேலைநிறுத்தம் பெண்களுக்கு ஆண்களுக்குச் சமமான நாட்சம்பளத்தைப் பெற்றுத் தந்தது. கொழுந்து பறிப்போரில் மிகப் பெரும்பாலானோர் பெண்கள் என்பதால் இதன் பயன் ஏறக்குறைய ஒவ்வொரு லயன் அறைக்கும் சென்றது. 1986 ஜனவரி 14ஆம் திகதி, தைப்பொங்கல் தினத்தில், நாடற்றோருக்குப் பிரஜாவுரிமை கோரிப் பிரார்த்தனைப் போராட்டம் ஆரம்பமாயிற்று. வேலைநிறுத்தம் என்று பெயரிட்டால் எதிர்ப்புக் கிளம்பும். கோவிலில் பிரார்த்தனை செய்வோரை எவ்வாறு தண்டிப்பது? அமைச்சரவையில் இருந்துகொண்டே அரசாங்கத்துக்கு எதிராக அவர் நடத்திய இப்போராட்டம், அவரது அரசியல் முறையின் உச்சம் எனலாம். சில நாட்களிலேயே அரசாங்கம் இணங்கியது. 1986ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தின் மூலம் 94 ஆயிரம் பேர் பிரஜாவுரிமை பெற வழி பிறந்தது. 1988ஆம் ஆண்டின் 39ஆம் இலக்கச் சட்டம், இந்தியப் பிரஜாவுரிமைக்கு விண்ணப்பிக்காத எஞ்சியோரையும் பிரஜைகளாக்கியது. 1948இல் பறிக்கப்பட்டது நாற்பது ஆண்டுகளின் பின் மீண்டது. விடுபட்டிருந்தோரின் பிரச்சினை 2003ஆம் ஆண்டுச் சட்டத்துடன் தீர்க்கப்பட்டது.

இந்த வெற்றியை எவரும் குறைத்து மதிப்பிட முடியாது. ஒரு துப்பாக்கிச் சூடும் இன்றி, ஓர் இளைஞனையும் பலி கொடுக்காமல், இலட்சக்கணக்கானோரின் குடியுரிமையை அவர் மீட்டார். அதே காலத்தில் வடக்கும் கிழக்கும் எத்தகைய அழிவுக்கு உள்ளாயின என்பதை எண்ணிப் பார்த்தால் இதன் பெறுமதி மேலும் விளங்கும்.

பேரத்தின் மறுபக்கம்

ஆயினும் பேரம் பேசும் அரசியலுக்கு ஒரு மறுபக்கமும் உண்டு. பேரத்தில் கிடைப்பவை பெரும்பாலும் அமைச்சின் மூலம் வருபவை. அமைச்சர் இருக்கும் வரை கூரைத் தகடு வரும், பாதை வரும், நியமனம் வரும். அவர் போனதும் அவை நின்றுவிடும். சட்டத்திலும் நிறுவனத்திலும் நிலைபெற்ற உரிமைகளே நீடிப்பவை. பிரஜாவுரிமை அவ்வாறு நிலைபெற்றது. காணியும் வீடும் நிலைபெறவில்லை.

இதற்கு ஓர் எடுத்துக்காட்டு போதும். 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டக் குடியிருப்புகளுக்குப் பிரதேச சபைகள் தம் நிதியிலிருந்து சேவை வழங்குவதற்குத் தடையாக இருந்தது. பசறைப் பிரதேச சபைக்கு வாக்களிக்கும் தோட்டத் தொழிலாளி, அந்தச் சபையிடம் தன் லயனுக்கு ஒரு தண்ணீர்க் குழாயைக் கேட்க முடியாது. இச்சட்டம் இயற்றப்பட்டபோது தொண்டமான் அமைச்சரவையில் இருந்தார். திருத்தம் வந்தது 2018இல். அதாவது முப்பத்தொரு ஆண்டுகளின் பின்.

1992இல் அரச தோட்டங்களின் முகாமைத்துவம் தனியார் கம்பனிகளிடம் கையளிக்கப்பட்டது. தனியார் முயற்சியில் நம்பிக்கை கொண்டிருந்த தொண்டமான் அதை அடிப்படையில் எதிர்க்கவில்லை. பின்னர் சம்பளம் கூட்டு ஒப்பந்தத்தின் மூலம் நிர்ணயிக்கப்பட்டது. தொழிற்சங்கமே கட்சியாகவும், கட்சியே ஆளுங்கட்சியின் பங்காளியாகவும் இருக்கும்போது, சம்பளப் பேச்சுவார்த்தையில் தொழிலாளி எந்தக் கதிரையில் அமர்ந்திருக்கிறான் என்ற வினா எழுவது இயல்பே. ஆயிரம் ரூபா நாட்சம்பளம் 2021இல் கூட்டு ஒப்பந்தத்தால் அன்றி, சம்பள நிர்ணய சபையின் மூலமே கிட்டியது. 2024இல் அத்தொகை 1350 ரூபாவானதும் அதே வழியில்தான்.

வீட்டு நிலைமை இதனினும் கவலைக்குரியது. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லாந்தை மீரியபெத்தைத் தோட்டத்தின் லயன்கள் மண்சரிவில் புதையுண்டன. அபாய எச்சரிக்கை முன்னரே விடுக்கப்பட்டிருந்தும், மாற்றுக் காணியும் வீடும் இன்றி மக்கள் அங்கேயே தங்கியிருந்தனர். அதன் பின்னரே ஏழு பேர்ச் காணியில் தனிவீடு என்ற திட்டம் வேகம் பெற்றது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வீசியபோது பதுளை மாவட்டம் மீண்டும் மண்சரிவுகளால் பெரும் இழப்பைச் சந்தித்தது. ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாக ஒரு மலையைப் பசுமையாக்கிய மக்களுக்கு, அம்மலையில் பாதுகாப்பான ஒரு துண்டு நிலம் உரித்தாகவில்லை என்பது நம் அரசியலின் மீதான தீர்ப்பு.

அஷ்ரபும் தொண்டமானும்

முஸ்லிம் வாசகர்களுக்கு இந்த வரலாறு அந்நியமானதன்று. ஸ்ரீலங்கா முஸ்லிம் காங்கிரஸை நிறுவிய எம். எச். எம். அஷ்ரபும் இதே வழியையே தேர்ந்தார். 1994 ஓகஸ்ட் தேர்தலில் பொதுஜன ஐக்கிய முன்னணி 105 ஆசனங்களை மாத்திரமே பெற்றது. முஸ்லிம் காங்கிரஸின் ஏழு ஆசனங்களும், நுவரெலியாவில் சுயேச்சையாக வென்ற மலையக மக்கள் முன்னணித் தலைவர் பெ. சந்திரசேகரனின் ஓர் ஆசனமும் சேர்ந்தே 225 பேர் கொண்ட சபையில் 113 என்ற பெரும்பான்மையை அளித்தன. ஐக்கிய தேசியக் கட்சியுடன் இணைந்து போட்டியிட்ட தொண்டமானும் பின்னர் அரசாங்கத்தில் இணைந்து அமைச்சரானார். அஷ்ரபும் அமைச்சரானார். துறைமுக அமைச்சும் ஒலுவில் பல்கலைக்கழகமும் கிழக்கு முஸ்லிம்களுக்குக் கிடைத்தன.

ஆனால் இரு தலைவர்களின் பேரத்துக்கும் ஒரே எல்லையே இருந்தது. ஒருவருடைய பலம் அம்பாறையிலும், மற்றவருடைய பலம் நுவரெலியாவிலும் மையம் கொண்டிருந்தது. பதுளையில் வாழும் முஸ்லிமுக்கு ஒலுவில் எவ்வளவு தொலைவோ, பசறைத் தொழிலாளிக்கு ஹற்றனும் கொட்டகலையும் ஏறக்குறைய அவ்வளவு தொலைவே. தலைவரின் பலம் குவிந்த இடத்திலேயே பேரத்தின் பலனும் குவிகிறது. விளிம்பிலுள்ளவர்கள் வாக்களிக்கிறார்கள், பெருமைப்படுகிறார்கள், காத்திருக்கிறார்கள்.

தொண்டமான் 1999 ஒக்டோபர் 30ஆம் திகதி காலமானார். சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தாகிச் சரியாக முப்பத்தைந்து ஆண்டுகள் நிறைவுற்ற நாள் அது. அஷ்ரப் 2000 செப்டெம்பர் 16ஆம் திகதி விபத்தில் மறைந்தார். இருவருக்கும் பின் இரு காங்கிரஸ்களும் பிளவுகளைச் சந்தித்தன. தலைவரின் ஆளுமையில் தங்கியிருந்த பேரபலம் தலைவரோடு பெரும்பகுதி மறைந்துபோனது.

ஊவாவின் புதிய கணக்கு

1988இல் ஊவா மாகாண சபை அமைந்தபோது, கொழும்பில் மட்டும் நிகழ்ந்து வந்த பேரம் பதுளைக்கும் வந்தது. தொண்டமான் குடும்பத்தைச் சேர்ந்த செந்தில் தொண்டமான் ஊவா மாகாண அமைச்சராகப் பதவி வகித்தார். பின்னர் 2023 முதல் 2024 வரை கிழக்கு மாகாண ஆளுநராகவும் இருந்தார். எனினும் மாகாண அதிகாரத்தில் ஒரு பங்கு இருப்பது மரியாதைக்கு உத்தரவாதமாகாது. பதுளையில் ஒரு தமிழ்ப் பெண் அதிபர் முழந்தாளிட வைக்கப்பட்டதாக 2018 ஜனவரியில் எழுந்த சர்ச்சையில், அப்போதைய முதலமைச்சர் மாகாணக் கல்வி அமைச்சுப் பொறுப்பிலிருந்து விலக நேர்ந்தது. கண்டனக் குரல் இன, கட்சி பேதமின்றி எழுந்தமையே அன்று ஆறுதல் அளித்த விடயம். சபையின் பதவிக்காலம் 2019இல் முடிவடைந்தது. அதன் பின்னர் ஆண்டுகள் பல கடந்தும் தேர்தல் நடத்தப்படாமையால் ஊவா மக்கள் அந்தப் படிக்கட்டையும் இழந்தனர்.

பாராளுமன்றத் தேர்தல்களிலும் மாற்றம் நிகழ்ந்தது. 2015இலும் 2020இலும் வடிவேல் சுரேஷும் அ. அரவிந்தகுமாரும் பதுளை மாவட்டத்திலிருந்து தெரிவாகினர். ஐந்தில் ஒரு பங்கினரான மக்கள் விருப்பு வாக்குகளைச் சிதறவிடாது இரு ஆசனங்களைப் பெற முடியும் என்பதை அது காட்டியது. 2024 நவம்பரில் கிட்ணன் செல்வராஜ், அம்பிகா சாமுவேல் ஆகிய இருவர் தேசிய மக்கள் சக்தியின் சார்பில் தெரிவாகினர். இதன் முக்கியத்துவம் ஆசனங்களின் எண்ணிக்கையில் மட்டும் அடங்கவில்லை. அந்தச் சக்தியின் அச்சாணியான மக்கள் விடுதலை முன்னணி, தன் ஆரம்பகால வகுப்புகளில் ‘இந்திய விஸ்தரிப்புவாதம்’ பற்றிப் போதித்தபோது தோட்டத் தொழிலாளரையும் ஐயத்துடன் நோக்கிய இயக்கம். ஐந்து தசாப்தங்களின் பின் அதே அணியில் பதுளைத் தோட்ட மக்களின் பிரதிநிதிகள் வென்றனர். சேவல் சின்னத்தைப் பார்த்து வாக்களித்த தலைமுறையின் பிள்ளைகள் வேறு கணக்குப் போடத் தொடங்கிவிட்டனர் என்பதே இதன் பொருள்.

எஞ்சும் பாடம்

தொண்டமானின் பழைமைவாதம் அவரது காலத்துக்கு ஏற்ற ஓர் உத்தி. வாக்கற்ற மக்களுக்கு வாக்கைப் பெறுவதே முதற் கடமையாக இருந்தது. அதை அவர் நிறைவேற்றினார். வேவஸ்ஸ போராட்டம் சில வாரங்களில் அடக்கப்பட்டது; வேவண்டன் முதலாளியின் பொறுமை நாற்பது ஆண்டுகளில் பலன் தந்தது. இவ்வுண்மையை இடதுசாரி நண்பர்களும் ஏற்க வேண்டும். அதேவேளை, வாக்கைப் பெற்ற மக்களையும் வாக்கற்றவர்களைப் போலவே தலைவரின் பின்னால் நிறுத்தி வைத்தமை அந்த அரசியலின் குறை. இதை அவரது வாரிசுகளும் ஏற்க வேண்டும்.

இன்று ஊவாவின் பெருந்தோட்ட மக்கள் முன்னுள்ள கோரிக்கைகள் தெளிவானவை. குடியிருக்கும் நிலத்துக்கு உறுதிப்பத்திரம். மண்சரிவு அபாயமற்ற இடத்தில் தனிவீடு. பிரதேச சபையின் வரவு செலவுத் திட்டத்தில் தோட்டங்களுக்கு உரிய பங்கு. மாகாண சபைத் தேர்தல். இவற்றுள் எதுவும் ஓர் அமைச்சரின் தயவில் தங்கியிருக்கத் தேவையில்லை. 2018ஆம் ஆண்டுத் திருத்தத்தின் பின் பசறைப் பிரதேச சபையின் படியேறி, எங்கள் தோட்டத்துக்கு ஒதுக்கிய நிதி எவ்வளவு என்று கேட்கும் சட்டபூர்வ உரிமை ஒவ்வொரு வாக்காளருக்கும் உண்டு. அயலிலுள்ள முஸ்லிம் வர்த்தகருக்கும் சிங்கள விவசாயிக்கும் அதே பாதை, அதே தண்ணீர், அதே மண்சரிவு என்பதால் இக்கோரிக்கைகளில் இனப் பேதத்துக்கும் இடமில்லை.

பிரஜாவுரிமையை ஒரு தலைவர் பேசிப் பெற்றுத் தந்தார். பிரஜைகளாக வாழ்வதைப் பிரஜைகளே செய்தாக வேண்டும். அப்பணியை ஊவா மக்கள் தம் கையில் எடுத்துக்கொள்வதே அன்னாருக்குச் செலுத்தக்கூடிய பொருத்தமான அஞ்சலியாகும்.